மந்திரித்த உப்பும் ஒரு போத்தல் தண்ணீரும்

மெற்றில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எடி, மூச்சை விடு. இது எக்ஸ்ரே இல்லை" என்றேன். அவள் விடவில்லை.

எங்களுக்கு முன்னால், கவிழ்த்து வைத்த வாளியின் மேல், என்னுடைய வெள்ளைப் பீங்கான் தட்டு இருந்தது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு. இரண்டு குழிகளில் அவளுடைய புதுக் கிணற்றுத் தண்ணீரை விட்டிருந்தேன். முதல் குழிக்குள் அமிலம் ஒரு சொட்டு. பிறகு கபில நிறப் போத்தலிலிருந்து வெள்ளி நைத்திரேற்று ஒரு சொட்டு.

விழுந்த இடத்திலேயே வெளுத்தது. வெளுத்துத் திரண்டு, தயிர்க் கட்டியாக அடியில் போய் இருந்தது. வெயில் பட்டதும் அந்த வெள்ளை மெல்லச் சாம்பல் நிறமாகத் தொடங்கியது.

"இது நல்லதோ, கூடாதோ?"

"உப்பு" என்றேன். "கடும் உப்பு."

அப்போதுதான் அவள் மூச்சை விட்டாள். விட்டுவிட்டு, கிணற்றுக்குப் பக்கத்தில் குவிந்திருந்த ஈர மணலில் அப்படியே இருந்துவிட்டாள். புதுச் சீலை. பங்குச் சுவாமி கிணற்றை மந்திரிக்க வந்த அன்று கட்டியதையே அவிழ்க்காமல் நின்றாள் போலிருந்தது.

"சரி. அப்ப நான் போகவேண்டியதுதான்" என்றாள்.

அவள் போவதா இருப்பதா என்பது அந்தக் கிணற்றில் இருந்தது. எனக்கும் அப்படித்தான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

விளக்கு எரிந்த காணி

நான் மன்னாரில் தண்ணீர் பரிசோதிக்கிற கூடமொன்றில் வேலை செய்கிறேன் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: என் பெயர் ரெஜினா. ஊர்களில் 'தண்ணி மிஸ்' என்றால்தான் தெரியும். ஓய்வுக்குக் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது. கலியாணம் கட்டவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான்.

எங்கள் மணல் தெரு பேசாலைக்கு அங்காலே, கடலைப் பார்த்துப் போகிறது. தெருவில் வீடுகளுக்குக் குறைவில்லை, ஆட்கள்தான் இல்லை. சொந்தக்காரர் கனடாவில், பிரான்சில், இந்தியாவில். யன்னல்களுக்குத் தகரம் அடித்திருக்கும். முற்றங்களில் கழுதைகள் படுத்திருக்கும். நான் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது அவை எழும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவ்வளவு பழக்கம்.

பின்னேரங்களில் செபமாலை சொல்லுவேன். ஒருவர் முன்பாதி சொல்ல மற்றவர் பின்பாதி சொல்லவேண்டும். இரண்டு பாதியையும் நானே சொல்லிக்கொள்வேன். சில நாட்களில் எந்தப் பாதியில் நிற்கிறேன் என்று குழம்பிப்போகும். மாதாவே, நீயே கணக்குப் பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்துக் காணியில் ஒரு பொழுதுபட்ட நேரம் விளக்கு எரிந்தது. மெற்றில்டா வந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். சண்டைக் காலத்தில் அவளுடைய குடும்பம் படகேறி ராமேஸ்வரம் போனது. அங்கேயே அவளுக்குக் கலியாணம், ஒரு மகள், பிறகு புருசனின் சாவு. மகளும் அங்கேயே மீன்பிடிக்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மெற்றில்டா மகளோடு இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. என்ன பிரச்சினை என்று கேட்டால், "ஒண்டுமில்லை, அவள் வைக்கிற இடத்தில நான் சாமானை வைக்கிறேல்லையாம்" என்பாள். ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி, தகப்பனின் காணியில் போய்ச் சாகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த விளக்கைக் கண்ட அன்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆளில்லாத தெருவில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தகரக் கொட்டில் போட்டு இருந்தாள். குழாய்த் தண்ணீர் எங்கள் தெருவின் இந்த நுனிக்கு வருவதில்லை. தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் கோயில் சந்தியோடு திரும்பிவிடும். என் கிணறு கழுவ, குளிக்க மட்டும். குடிக்கிறதற்கு வேலைத்தலத்திலிருந்து பிளாஸ்ரிக் கானில் கொண்டுவருவேன். அவளுக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"மகளின்ர கையைப் பாத்து இருந்தது காணாதெண்டோ, உன்ர கானைப் பாத்து இருக்க வந்தனான்?" என்று கேட்டாள். "என்ர காணியில நல்ல தண்ணி வந்தா இருப்பன். வராட்டி, மானம் கெட்டாலும் பரவாயில்லை, மகளிட்டப் போறன்."

பிறகுதான் அந்தக் கிணறு வெட்டப்பட்டது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே தோண்டியதும் நீர் ஊறிவிட்டது. வெட்டிய ஆள் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு "தேன்" என்று சொன்னானாம். அடுத்த நாள் சுவாமி வந்து மந்திரித்தார். நான் அன்று இலுப்பைக்கடவையில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். அதற்கு அடுத்த நாள் காலையில்தான் தட்டோடு போனேன்.

கிணறு வெட்டியவன் பொய்யன் என்றே இரண்டு பேரும் முடிவு கட்டினோம். பாவம் அவன்.

கறுத்த விரல்கள்

வெள்ளி நைத்திரேற்றைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். என் வாழ்க்கையில் அதற்கும் பங்கு உண்டு.

பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி. கையில் பட்டால் ஒன்றும் தெரியாது. வெயிலில் போனால் பட்ட இடம் கறுக்கும். சவர்க்காரம், தேசிக்காய், ஒன்றுக்கும் போகாது. தோல் தானாக உரியும்வரைக்கும் இருக்கும். கையுறை போடு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கையுறைப் பெட்டி அலுமாரியில் பூட்டி இருந்தது, திறப்பு வேறு ஒருவரிடம் இருந்தது.

ஒருமுறை என்னைப் பொம்பிளை பார்க்க அரிப்பு என்ற ஊரிலிருந்து ஒரு பகுதி வந்தது. நான் தேத்தண்ணித் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியை விட்டுவிட்டு என் விரல்களைப் பார்த்தா.

"இதென்ன பிள்ளை, தோல் வருத்தமோ?"

"இல்லை மாமி, மருந்து பட்டது. தோல் உரிஞ்சாப் போயிடும்."

'உரியும்' என்று சொல்லியிருக்கக் கூடாது. தேத்தண்ணி ஆறியது, அவர்கள் போனார்கள், பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. அம்மா வெள்ளி நைத்திரேற்றைத் திட்டிக்கொண்டே செத்தா.

ஆனால் அந்தச் சொட்டில் எனக்கு ஒரு நம்பிக்கை. அது முகம் பார்க்காது. விடுதி கட்டுகிற ஒருவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு, "மிஸ், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ" என்று சிரித்தார். பார்த்துத்தான் சொன்னேன். அவர் கதிரையைத் திரும்ப வைக்காமலே போய்விட்டார். இத்தனை வருடத்தில் ஒரு தண்ணீருக்கும் நான் பொய் விடை சொன்னதில்லை. இந்த ஒரு விசயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

பாப்பாமோட்டையில் இரத்தம்

சொட்டு முகம் பார்க்காது என்றேன். பார்க்கிற எங்களுக்கு முகம் இருக்கிறதே, அதுதான் தொல்லை.

பாப்பாமோட்டையில் ஒரு வயற்காரர். அவருடைய கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மருந்து விட்டேன். இரும்பு இருந்தால் அந்த மருந்துக்குத் தண்ணீர் சிவக்கும். இது நல்ல இரத்தச் சிவப்பாகவே சிவந்தது. நான் திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுங்குகிறார்.

"மிஸ், உண்மையைச் சொல்லுங்கோ. என்ர கிணத்துக்குள்ள ஆரோ கிடக்கினமோ?"

"ஐயோ, அது இரத்தமில்லை ஐயா, இரும்பு!"

அவர் கேட்கிற நிலையில் இல்லை. நான் பெட்டியை மூடுவதற்குள் கோயிலுக்கு ஆள் போய், தேங்காயும் உடைத்தாயிற்று. கடைசியில் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினேன். எல்லாம் கேட்டார். பிறகு முகம் மலர்ந்தது. "இரும்பெண்டா நல்லதெல்லே. என்ர மனுசிக்கு டொக்டர் இரும்புக் குளிசைதானே குடுக்கிறவர்?" என்றார்.

அந்தத் தண்ணீரை அவர்கள் இப்போதும் குடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மருந்து ஒன்றைச் சொல்லும், பார்க்கிறவர் தன் மனதில் இருப்பதைக் கேட்பார். மெற்றில்டாவின் கிணறு அதை எனக்கு வேறு விதமாகக் காட்டியது.

துணை இல்லாத உப்பு

தட்டில் இரண்டு குழி என்று சொன்னேன் அல்லவா? இரண்டாவது குழிக்குள் அமிலத்தோடு பேரியங்குளோரைட்டு விட்டிருந்தேன். அது சல்பேற்றுக்கு. சல்பேற்று இருந்தால் அதுவும் வெளுக்கும்.

வெளுக்கவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

அந்த நேரம் நான் அதைக் கவனித்தும் கவனிக்கவில்லை. மெற்றில்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு குந்தியபோதுதான் மனதில் இடித்தது. எங்கள் தீவில் கிணறு உப்பாவது கடல் உள்ளே வருவதால். கடல் உப்பை மட்டும் கொண்டு வருவதில்லை, சல்பேற்றையும் சேர்த்துத்தான் கொண்டு வரும். முதல் குழி அப்படித் தயிராகத் திரண்டால், இரண்டாவதும் பாலாக வேண்டும். இந்தக் கிணற்றில் உப்பு துணை இல்லாமல் தனியாக வந்திருந்தது.

உடனே எனக்கு என்னிலேயே சந்தேகம் வந்தது. ரெஜினா, நீ சாட்டுத் தேடுகிறாய் என்றேன். அவள் போகக்கூடாது என்பதற்காக மருந்தோடு பேரம் பேசுகிறாய். சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து நேரே அவளுடைய கொட்டிலுக்குப் போனேன். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மூலையில் அந்தோனியார் சுரூபம். சுரூபத்துக்குப் பின்னால் மடித்து வைத்த இரண்டு பிளாஸ்ரிக் பைகள். கடையில் விற்கிற தூள் உப்புப் பைகள். பெரியவை.

"உதென்ன?"

"உப்புப் பை."

"கறிக்கு இவ்வளவு உப்போ? பிரஷர் ஏறிச் சாகப் போறியோ?"

"அது கறி உப்பில்லையடி, மந்திரிச்சது. பையைக் குப்பையில போடக்கூடாதெல்லே. எரிக்கவேணும் எண்டு வைச்சிருக்கிறன்."

நான் மெல்லக் கேட்டேன். "உப்பு எங்க?"

"கிணத்துக்குள்ள."

பெட்டியின் மேல் இருந்துவிட்டேன். அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். "சுவாமி உப்பையும் தண்ணியையும் மந்திரிச்சு, ஒரு சிட்டிகை போட்டவர். எனக்கு மனம் கேக்கேல்லை. இந்தக் காணி எவ்வளவு காலம் ஆளில்லாமல் கிடந்தது! ஆர் வந்தது, ஆர் போனது, இதுக்குள்ள என்னென்ன நடந்தது, ஆருக்குத் தெரியும்? அதுக்கு ஒரு சிட்டிகை காணுமே? சுவாமி போனாப் பிறகு ரெண்டு பையையும் கொட்டினனான்."

"எடி விசரி! தட்டை வைக்க முதல், கிணத்துக்குள்ள என்னவும் போட்டனியோ எண்டு நான் கேட்டனான் எல்லே?"

"நீ மருந்தெல்லே கேட்டனி. குளோரின் கிளோரின் எண்டு."

"உப்படி! நான் பாக்கிறது உப்பு!"

அவள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "மந்திரிச்ச உப்பு உப்பே?" என்று கேட்டாள்.

முழங்கால் அளவு தண்ணீர், அதற்குள் இரண்டு பை உப்பு. நான் சிரிக்கத் தொடங்கினேன். அவள் கோபித்தாள், பிறகு அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் அந்தத் தகரக் கொட்டிலுக்குள் கண்ணீர் வழியச் சிரித்தோம். வெளியே படுத்திருந்த கழுதை எழும்பிப் போய்விட்டது. அந்தத் தெருவில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது. அவள் பெட்டியிலிருந்து சீலைகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள்.

மோட்டர் சத்தம்

இறைக்கவேண்டும், ஆனால் மெல்ல இறைக்கவேண்டும். அதை அவளுக்குத் தெளிவாகச் சொன்னேன். எங்கள் மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர், பாலின் மேல் ஆடை கட்டியதுபோல மெல்லிசாகத்தான் நிற்கிறது. அதற்கு அடியில் கடல். அவசரப்பட்டு இழுத்தால் ஆடை கிழிந்து அடியில் இருப்பது மேலே வரும். வாளியால் கொஞ்சம், பிறகு ஊற விடவேண்டும், பிறகு கொஞ்சம்.

அன்று பின்னேரமே தொடங்கினோம். அவளுக்கு முழங்கால் நோவு, குனிய ஏலாது. நான்தான் இழுத்தேன், அவள் வாங்கி ஊற்றினாள். இழுக்க இழுக்கப் பள்ளிக்கூடக் கதைகள். கோயில் மணி அடித்தபோது அங்கேயே நின்று செபமாலை சொன்னோம். நான் முன்பாதி, அவள் பின்பாதி. முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது "ஐயோ, நாரி விட்டுப்போச்சு" என்றேன். சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் வேலை முடிந்து தெருவுக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. தண்ணீர் மோட்டர்.

கடற்கரையில் யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கிப் பூட்டியிருந்தாள். காலையிலிருந்து ஓடியிருக்கிறது. குழாயிலிருந்து தண்ணீர் மணலில் பாய்ந்து வாய்க்காலாக ஓடியது. மெற்றில்டா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"உனக்கு நாரி நோகுதெண்டனி. நீ வாறதுக்குள்ள முடிச்சிடுவம் எண்டு நினைச்சனான். மந்திரிச்ச உப்பெல்லாம் வெளிய!"

நான் ஓடிப்போய் மோட்டரை நிற்பாட்டினேன். ஒரு கழுதை வாய்க்காலில் வாயை வைத்தது. வைத்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு தட்டு எடுக்கத் தேவையே இல்லை. ஆனாலும் எடுத்தேன். முதல் குழி தயிர். இரண்டாவது குழியும் பால். கடல் இந்த முறை துணையோடு வந்திருந்தது.

"என்ன?" என்றாள்.

நான் சொன்னேன். எனக்காகத்தான் மோட்டர் போட்டாள் என்பது தெரிந்தும், கோபத்தில் கத்தித்தான் சொன்னேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மாரி வரட்டும். கிணறு கொஞ்சம் ஆறட்டும். மழைத் தண்ணி இறங்கினா நல்ல தண்ணி திரும்ப மேல வந்து நிக்கும். நான் சொல்லுறன்" என்றேன்.

"சுவாமி மந்திரிச்சும் உப்பு, நீ சொல்லியும் உப்பு" என்றாள். "இந்தக் காணிக்கு நான் வேண்டாம் போல கிடக்கு ரெஜி. விடு."

மகள் பிளேன் ரிக்கற் அனுப்பினாள். என் ஸ்கூட்டரில்தான் அவளைப் பஸ்ஸுக்கு ஏற்றிப் போனேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தாள். காற்று பலமாக அடித்ததால் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது என் கறுத்த விரல்களைப் பிடித்து, "இதை ஒருக்காத் தேச்சுக் கழுவு" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பக்கத்துக் காணிப் பக்கம் இருந்த யன்னலைச் சாத்தினேன். அதைத் திறக்கப் பிறகு கனகாலம் மனம் வரவில்லை.

மாரிக்குப் பிறகு

அந்த முறை மழை நன்றாகப் பெய்தது. கிணற்றுக்குள் குப்பை விழாமல் நான் ஓலை மூடி போட்டிருந்தேன். மழை விட்டு, மணல் காய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மூடியை விலக்கினேன். ஒரு வாளி அள்ளினேன். தட்டை வைத்தேன்.

வெள்ளி நைத்திரேற்றுக்கு ஒரு மங்கல். கண்ணாடியில் வாயால் ஊதினால் வருமே, அவ்வளவுதான். எங்கள் தீவில் அதைவிடக் குறைய எதிர்பார்க்க ஏலாது. பேரியத்துக்கு ஒன்றுமே இல்லை. நான் கையால் அள்ளிக் குடித்தேன். கிணறு வெட்டியவன் பொய்யன் இல்லை.

உடனே தொலைபேசி எடுத்தேன். "மெற்றில்டா, நல்ல தண்ணி! தேன்!"

"நீ என்னைக் கூப்பிடுறதுக்காகச் சொல்லுறாய்" என்றாள். குரலில் கோபமில்லை. "உனக்குத் தனிய இருக்க ஏலாது. எனக்குத் தெரியும்."

தட்டைப் படமெடுத்து அனுப்பினேன். என்ன பிரயோசனம்? உப்பு என்றால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நல்ல தண்ணீர் என்றால் படத்தில் ஒன்றுமே தெரியாது. வெறும் தட்டை எடுத்து அனுப்பியிருக்கிறாய் என்று பதில் எழுதினாள். எத்தனையோ பேருக்கு விடை சொன்னவள் நான். நான் சொன்னதை நம்பாமல் போனவள் இவள் ஒருத்திதான்.

அவளுக்கு அங்கே எப்படி என்று கேட்டேன். "இருக்கிறன்" என்றாள். "மூலையில பாய் போட்டிருக்கிறன். மகள் கதைக்கிறேல்லை. சாப்பாட்டைப் போட்டு மூடி வைச்சிட்டுப் போவாள்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சொன்னால் நம்பமாட்டாள், குடித்தால் நம்புவாள்தானே?

தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் சனம் போகும். அவளுடைய மருமகன் ஒவ்வொரு முறையும் அங்கிருந்து வருகிறவர் என்று சொல்லியிருக்கிறாள். நான் கூடத்தில் ஒரு போத்தலை எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரால் திரும்பத் திரும்ப அலசி, மெற்றில்டாவின் கிணற்றுத் தண்ணீரை அதற்குள் நிரப்பினேன். பங்குச் சனத்தோடு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், குறிகட்டுவானில் படகேறினேன். வழி முழுக்கப் போத்தல் என் மடியிலேயே இருந்தது. பக்கத்திலிருந்த மனுசி சத்தியெடுத்தபோதும் அதைக் கீழே வைக்கவில்லை.

மெற்றில்டாவும் வருவாளோ என்று ஒரு நப்பாசை. வரவில்லை. ராமேஸ்வரம் சனத்திடம் விசாரித்து மருமகனைத் தேடிப் பிடித்தேன். கொடிமரத்தடியில் சனம் நெருக்கியது, ஒலிபெருக்கியில் பாட்டு.

"மாமியிட்டக் குடுங்கோ தம்பி. கவனம். கண்டா அவவுக்கு விளங்கும்."

"குடுத்துர்றேன் அத்தை" என்று இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியவர் போத்தலைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நல்ல மரியாதையான பிள்ளை என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அவள் கேட்ட கேள்வி

சில நாள் கழித்து அவள் தொலைபேசி எடுத்தாள். நான் கிணற்றடியில் நின்றேன். ஊற்று அடையாமல் இருக்க ஒவ்வொரு நாளும் ஒரு வாளி அள்ளுவேன். வாளியைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டு, குடித்தாயா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் என்னை முந்திவிட்டாள்.

"ரெஜி, நீ குடுத்துவிட்ட தீர்த்தம் வந்தது. நான் சந்தையால வாறதுக்குள்ள மகள் எடுத்து வீடு முழுக்கத் தெளிச்சிட்டாள். பிள்ளையளின்ர நெத்தியில, படகில, என்ர பாயிலகூட. ஒரு சொட்டும் மிஞ்சேல்லை."

கச்சதீவிலிருந்து போத்தலில் வருகிற தண்ணீர் வேறு என்னவாக இருக்கும்? அந்த மருமகன் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். "அண்டைக்கு மகள் தெளிச்சிட்டு வந்து என்ர பாயில இருந்தாள். பிறகு என்ர மடியில தலையை வைச்சாள் ரெஜி. சின்னனில வைச்ச மாதிரி. 'இனி எங்கயும் போகாதேம்மா, அந்தோனியாரே சொல்லிட்டார்' எண்டு அழுதாள். அண்டையில இருந்து வீட்டில ஒரு சத்தமில்லை. என்னைச் சமைக்க விடுறாள்."

"நல்லதடி" என்றேன்.

"ஒண்டு கேக்கட்டே? மகள் பக்கத்தில நிக்கிறாள், உன்னட்டக் கேக்கச் சொல்லுறாள். அது அந்தோனியாரின்ர தீர்த்தம்தானே?"

வாளிக்குள் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இல்லையடி, அது உன்ர கிணத்துத் தண்ணி என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால் அவள் என்னை நம்பியிருப்பாள். வந்திருந்தாலும் வந்திருப்பாள். எனக்கு அவள் வேண்டும், அந்த விளக்கு வேண்டும், செபமாலையின் பின்பாதி வேண்டும்.

"ஓம்" என்றேன். "அந்தோனியாரின்ர தீர்த்தம்தான்."

அவள் மகளுக்கு உரத்துச் சொல்வது கேட்டது. மகள் சிரிப்பதும் கேட்டது. பிறகு மெற்றில்டா குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப கிணறு? அண்டைக்கு நீ சொன்னது சும்மாதானே? இன்னும் உப்புத்தானே?"

"உப்புத்தான்" என்றேன். "கடும் உப்பு."

"எனக்குத் தெரியும்" என்றாள். "அழாதை. நான் உனக்காகச் செபிக்கிறன்."

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை கடல் தாண்டிப் போகாது என்ற துணிவில் இங்கே எழுதுகிறேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுச் செம்பில் அள்ளிக் குடித்தேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.